விளம்பரத்தில் பார்த்த காரும், ஜாக்கி போட்டுப் பார்த்த காரும்

மாலை வெயிலில் நிற்கும் ஆரஞ்சு நிற டட்சன் 240இசட். 1971ஆம் வருடத்து வண்டி. விளம்பரத்தில் பதினான்கு படங்கள். நீண்ட பானெட், பின்பக்கம் சரிந்து இறங்கும் கூரை, அகலமான சக்கரங்கள். எத்தனையோ வருடமாகத் தேடிக்கொண்டிருந்த கார் இதுதான் என்று முதல் படத்திலேயே மனசு முடிவு கட்டிவிட்டது. கீழே இருந்த விவரங்கள் ஆசையை இன்னும் கிளறின: பிஸ்டன் ஏறி இறங்கும் தூரத்தை (ஸ்ட்ரோக்) கூட்டிப் பெரிதாக்கிய 3.1 லிட்டர் ஸ்ட்ரோக்கர் இன்ஜின், வெபர் 40 டிசிஓஇ கார்புரேட்டர் மூன்று, உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் காயில்ஓவர் சஸ்பென்ஷன், நான்கு சக்கர வளைவுக்கும் வெளியே புடைத்து நிற்கும் அகலமான ஃபிளேர். கடைசி வரி: "துளி துரு கிடையாது."

அந்தக் காரை நான் வாங்கவில்லை. இரண்டு மாதம் கழித்து வேறொரு 240இசட் வாங்கினேன். இரண்டுமே நிறைய மாற்றப்பட்ட வண்டிகள்தான். ஒன்றை விட்டதற்கும் இன்னொன்றைப் பிடித்ததற்கும் காரணம் என்ன என்று நண்பர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அதனால் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். ஒரிஜினல் காரைப் பார்க்கப் போனால் கையில் ஓர் அளவுகோல் இருக்கிறது: தொழிற்சாலையிலிருந்து எப்படி வந்ததோ அப்படி இருக்கிறதா, இல்லையா. மாற்றியமைத்த காருக்கு அந்த அளவுகோல் பாதியிலேயே நின்றுவிடும். அதைத் தொழிற்சாலை செய்யவில்லை. யாரோ ஒருவர், தன் பட்டறையில், தன் அவசரத்தோடோ பொறுமையோடோ செய்திருக்கிறார். என்னென்ன சாமான் போட்டிருக்கிறார் என்ற பட்டியல் விளம்பரத்திலேயே கிடைத்துவிடும். அவர் கை எப்படிப்பட்டது என்பதைத்தான் நாம் நேரில் போய்த் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

240இசட்டை உதாரணமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1969 கடைசியில் ஜப்பானில் ஃபேர்லேடி இசட் என்ற பெயரில் அறிமுகமான வண்டி இது. வெளிநாட்டுக்குப் போன 240இசட்டில் 2393 சி.சி. கொள்ளளவுள்ள ஆறு சிலிண்டர் எல்24 இன்ஜின், 151 குதிரைத்திறன். எடை ஒரு டன்னைச் சற்றே தாண்டும். பின்னால் வந்த 260இசட், 1978 வரை ஓடிய 280இசட் எல்லாவற்றுக்கும் அதே உடல்கட்டு, அதே இன்ஜின் குடும்பம். ஒன்றின் இன்ஜின் இன்னொன்றில் பெரிய சிரமமில்லாமல் உட்காரும். அதனால் அரை நூற்றாண்டாக ஆளாளுக்கு இதில் கைவைத்துக்கொண்டே இருக்கிறார்கள். கை படாத 240இசட் கிடைப்பதுதான் அபூர்வம்.

சரி, அந்த ஆரஞ்சு வண்டிக்கு வருகிறேன்.

முதல் நாள் படங்களை ரசித்தேன். மறுநாள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். பதினான்கில் பத்து, வெளிப்புறப் படங்கள். எல்லாமே கொஞ்சம் தள்ளி நின்று, பொழுது சாயும் நேரத்தில் எடுத்தவை. நான்கில் கார் நனைந்திருந்தது. நனைந்த பெயின்ட் எந்த வண்டியிலும் அழகாகத்தான் தெரியும். மேடுபள்ளமான டிங்கரிங், பலகைக்குப் பலகை மாறும் நிறம் எல்லாம் ஈரத்தில் ஒளிந்துகொள்ளும். இரண்டு படங்களில் சக்கரங்களே வேறு. அப்படியென்றால் எல்லாம் ஒரே சமயத்தில் எடுத்த படங்கள் அல்ல. அடிப்பாகத்தைக் காட்டும் படம் ஒன்றுகூட இல்லை. இன்ஜின் ஓடும் வீடியோ ஒன்று இருந்தது, ஆனால் அது தொடங்கும்போதே இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

படங்களில் ஒன்றைத் தேடுபொறியில் ஏற்றிப் பார்த்தேன். அதே கார் இதற்கு முன்பும் விற்பனைக்கு வந்திருந்தது. பழைய விளம்பரத்தில் இன்ஜின் 2.8 லிட்டர் என்று இருந்தது. இப்போது 3.1. இடையில் யாராவது இன்ஜினைப் பிரித்துக் கட்டியிருக்கலாம், அதில் தப்பில்லை. ஆனால் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

விற்பவருக்கு போன் செய்து குறிப்பிட்ட ஆறு படங்கள் கேட்டேன். பேட்டரியைத் தூக்கிவிட்டு அதன் தட்டு. வண்டிக்கு அடியில் முன்னும் பின்னும் நீளமாக ஓடி உடலைத் தாங்கும் சட்டங்கள், அதாவது ரயில்கள். டிக்கியில் விரிப்பை எடுத்துவிட்டு ஸ்டெப்னி வைக்கும் குழி. ஃபியூஸ் பெட்டி. சேசிஸ் எண் பொறித்த இடம். இன்ஜின் பிளாக்கில் பொறித்த எண். இந்த ஆறையும் எடுக்க அரைமணி நேரம் போதும். யாரிடம் கேட்டாலும் இதே ஆறைத்தான் கேட்கிறேன். படத்தில் என்ன தெரிகிறது என்பது ஒரு பக்கம். கேட்டதற்கு அவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதும் அதே அளவுக்கு முக்கியம். இவர் இரண்டு அனுப்பினார். "மத்ததெல்லாம் நேர்ல வந்து பாருங்க சார்" என்றார்.

நேரில் போக முடிவு செய்தேன். தனியாகப் போகவில்லை. பழைய வண்டிகளிலேயே வாழ்க்கையை ஓட்டிய மெக்கானிக் ஒருவர் இருக்கிறார்; எனக்கு அண்ணன் மாதிரி. அவரைக் கூப்பிட்டுக்கொண்டேன். ஆசைப்பட்ட காரைப் பார்க்கத் தனியாகப் போகவே கூடாது. நம் கண்ணுக்கு அது அழகாக மட்டும்தான் தெரியும்.

போன உடனே அண்ணன் செய்த முதல் வேலை, பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தது. சூடாக இருந்தது. நாங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முன்னமே சொல்லியிருந்தேன். ஆறிய இன்ஜினைக் கிளப்பும்போதுதான் உண்மை வெளியே வரும்: எத்தனை முறை சுற்றுகிறது, என்ன நிறத்தில் புகை வருகிறது, எங்கே தட்டுகிறது, ஆயில் பிரஷர் எவ்வளவு சீக்கிரம் ஏறுகிறது. சூடாக்கி வைத்த இன்ஜினில் இது எதுவும் தெரியாது. அண்ணன் ஒன்றும் பேசவில்லை. பையிலிருந்து துணி சுற்றிய சின்னக் காந்தத்தையும் பெயின்ட் கனம் பார்க்கும் மீட்டரையும் எடுத்தார்.

கூரையில் மீட்டர் 140 மைக்ரான் காட்டியது. தொழிற்சாலை பெயின்ட் பொதுவாக 100, 150 மைக்ரான் வாக்கில் இருக்கும். மேலே ஒரு முறை நன்றாக அடித்திருந்தால் 200, 300 வரும். கதவிலும் பிரச்சினை இல்லை. கதவு முடிந்து பின்சக்கரம் தொடங்கும் இடத்தில், நாயின் பின்னங்கால் போல வளைந்து இறங்கும் பகுதிக்கு வந்தபோது எண் 1,400ஐத் தாண்டியது. காந்தத்தை அங்கே வைத்தார். ஒட்டவில்லை, வழுக்கிக்கொண்டு கீழே வந்தது. பெயின்டுக்கு அடியில் பட்டி. பட்டிக்கு அடியில் தகடு இருக்கிறதா என்பதே கேள்வி. இந்த வண்டிகளில் துரு முதலில் பிடிக்கும் இடங்களில் அது ஒன்று. பேட்டரித் தட்டு, முன்கண்ணாடிக்குக் கீழே மழைநீர் வடியும் குழி, கதவுக்கு அடியில் ஓடும் பெட்டிப் பகுதி, ஸ்டெப்னி குழி ஆகியவை மற்றவை. பேட்டரியிலிருந்து கசியும் அமிலம் தட்டை அரித்துக்கொண்டு போய் அதற்குக் கீழே உள்ள ரயிலையும் சேர்த்துத் தின்றுவிடும்.

ஜாக்கி போட்டு, ஸ்டாண்டு வைத்து, அடியில் படுத்தோம். 240இசட்டுக்குத் தனி சேசிஸ் கிடையாது, உடலே சேசிஸ். கீழே ஓடும் அந்த ரயில்கள் மெல்லிய தகட்டை மடித்துச் செய்தவை. இந்த வண்டியில் அழுகிய பழைய ரயிலை வெட்டி எடுக்காமல், அதன் மேலேயே புதுத் தகட்டைக் கவிழ்த்து அங்கங்கே வெல்டிங் வைத்திருந்தார்கள். மேலே தடிமனாகக் கறுப்பு கோட்டிங். அண்ணன் ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிக்கொண்டே வந்தார். நல்ல தகடு "டிங்" என்னும். இது "தொப்" என்றது.

என்னை முழுசாக விழிக்க வைத்தது ஃபிளேர்தான். அகலமான டயருக்கு இடம் வேண்டுமென்று சக்கர வளைவை வெட்டி, அதன் மேல் ஃபைபர் ஃபிளேரைத் திருகி வைப்பார்கள். பின்பக்கத்தில் வெளித்தகடும் உட்தகடும் அந்த வளைவின் விளிம்பில்தான் ஒன்றாக ஒட்டி நிற்கின்றன. விளிம்பை வெட்டினால் இரண்டும் பிரிந்துவிடும். வெட்டிய பிறகு அவற்றைத் திரும்பச் சேர்த்து வெல்டிங் செய்து, சீலர் பூச வேண்டும். செய்யாவிட்டால் வெளியிலிருந்து ஒன்றும் தெரியாது, ஃபிளேர் மூடிக்கொள்ளும். சக்கரத்தைக் கழற்றிவிட்டு விரலை உள்ளே விட்டேன். இரண்டு தகடுகளுக்கும் நடுவில் விரல் போயிற்று. வெளியே எடுத்தபோது நகக்கண்ணில் ஈரமான செம்பழுப்பு மண்ணும், பிஸ்கட் போல நொறுங்கும் தகட்டுச் சில்லும் ஒட்டியிருந்தன. சக்கரம் ஒவ்வொரு முறை சுற்றும்போதும் காரின் எலும்புக்குள்ளேயே தண்ணீரை அடித்துக்கொண்டிருந்திருக்கிறது. அந்த ஃபிளேரின் விலையையும் கூட்டித்தான் விளம்பரத்தில் விலை போட்டிருந்தார்கள்.

அதன் பிறகு பார்த்ததெல்லாம் இதே கதைதான். ஆனாலும் சொல்கிறேன், ஒவ்வொன்றும் எங்கேயாவது உதவும்.

ஒயரிங்கைப் பார்க்க டேஷ்போர்டுக்கு அடியில் தலையைக் கொடுத்தேன். புதிதாக இழுத்த ஒயர் எல்லாமே சிவப்பு நிறம். எது எங்கே போகிறது என்று தெரிய வழியில்லை. முறுக்கி, டேப் சுற்றிய இணைப்புகள். டேப்பின் பசை உருகி விரலில் பிசுபிசுத்தது. ஃபியூஸ் பெட்டியில் பார்க்கிங் விளக்குக்கான இடம் பழுத்து உருகியிருந்தது. இந்த வண்டிகளில் விளக்குக்கான மின்சாரம் முழுக்க அந்தப் பெட்டி வழியாகவும் ஸ்விட்ச் வழியாகவும் போவதால் அங்கே சூடேறும், இது பழைய வியாதி. விவரம் தெரிந்தவர் ரிலே போட்டு அந்தச் சுமையைக் குறைத்திருப்பார். இங்கே ஊதிய ஃபியூஸுக்குப் பதிலாக பெரிய ஆம்பியரில் ஒன்றைச் செருகியிருந்தார்கள். கார் தீப்பிடிப்பது இப்படித்தான்.

மூன்று வெபரும் பார்க்கக் கண்கொள்ளாக் காட்சி. ஆனால் ஃபில்டர் கிடையாது, வெறும் குழல்கள். சாலைத் தூசி நேராக சிலிண்டருக்குள். வெபருக்கு பெட்ரோல் அழுத்தம் 3 பி.எஸ்.ஐ. வாக்கில் இருந்தால் போதும்; அதற்கு மேல் போனால் ஊசி வால்வைத் தள்ளிக்கொண்டு பெட்ரோல் வழியும். இங்கே எலெக்ட்ரிக் பம்ப் இருந்தது, ரெகுலேட்டர் இல்லை. விபத்து நடந்தால் பம்பைத் தானாக நிறுத்தும் ஸ்விட்ச்சும் இல்லை. பெட்ரோல் குழாயின் ரப்பரை வளைத்துப் பார்த்தேன், பொடிப்பொடியாக வெடித்திருந்தது. கார்புரேட்டர்களுக்கு நேர் கீழேதான் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு.

அப்போது அண்ணன் விற்பவரிடம் மெதுவாகக் கேட்டார். "சார், மூணு புள்ளி ஒண்ணுன்னு போட்டிருக்கீங்களே, பிஸ்டன் என்ன சைஸ்? கிராங்க் எதுலேர்ந்து எடுத்தது?"

"பெரிய பிஸ்டன்தான் சார். முன்னாடி வெச்சிருந்தவர் பண்ணினது."

"பில்லு ஏதாவது இருக்கா?"

"அவர் குடுக்கல."

280இசட்டில் வந்த 2.8 லிட்டர் எல்28 இன்ஜினை 3.1 லிட்டராக்கும் வழக்கமான வழி, எல்டி28 டீசல் இன்ஜினின் கிராங்கை (பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) போட்டு 89 மி.மீ. பிஸ்டன் வைப்பது. ஸ்ட்ரோக் 79இலிருந்து 83 மி.மீ. ஆகும். 89 மி.மீ. போர் (சிலிண்டரின் விட்டம்), 83 மி.மீ. ஸ்ட்ரோக், ஆறு சிலிண்டர். கணக்குப் போட்டால் 3098 சி.சி. அப்படி ஓர் இன்ஜினைக் கட்டியவருக்கு இந்த எண்களெல்லாம் தன் பிள்ளைகளின் பிறந்தநாள் மாதிரி மனப்பாடமாக இருக்கும். வாங்கியவராக இருந்தாலும் பில்லைக் கேட்டு வாங்கி வைத்திருப்பார். பிளாக்கில் எல்28 என்று பொறித்திருந்தது உண்மை. அதற்கு மேல் சொன்ன எதற்கும் ஆதாரம் இல்லை. ஆதாரம் இல்லாத இன்ஜின் வேலைக்கு நான் ஒரு காசு கூடுதலாகக் கொடுப்பதில்லை, 2.8 என்றே வைத்துக்கொள்வேன்.

கம்ப்ரஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று, பார்க்க அவர் ஒத்துக்கொண்டார், அது நல்ல குணம். எல்லா பிளக்கையும் கழற்றி, ஆக்சிலேட்டரை முழுசாக அமுக்கிப் பிடித்துச் சுற்றினோம். ஆறில் ஐந்து சிலிண்டர்கள் 160க்கும் 170 பி.எஸ்.ஐ.க்கும் நடுவில். ஐந்தாம் எண் சிலிண்டர் மட்டும் 120. ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் யோசிக்க வேண்டும். பிளக் துளை வழியாகக் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி பார்த்தால் எண் ஏறினால் ரிங் தேய்மானம், ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வு. இங்கே ஏறவில்லை. டயரின் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்கங்களையும் பார்த்தேன். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். பட்டன் குறையாத டயர்கள்தான், ஆனால் வயது பதினொன்று. வண்டி அதிகம் ஓடவே இல்லை என்பதற்கும் அது சாட்சி.

ஓட்டிப் பார்த்தோம். சின்ன மேட்டில் ஏறி இறங்கும்போதெல்லாம் ஸ்டீயரிங் தானாக ஒரு பக்கம் இழுத்தது. வண்டியை அளவுக்கு மீறித் தாழ்த்திவிட்டு, ஸ்டீயரிங் கம்பிகளின் கோணத்தைச் சரிசெய்யாமல் விட்டால் இப்படித்தான் ஆகும். இந்த வண்டியில் காயில்ஓவர் போட வேண்டுமென்றால் பெரும்பாலும் சக்கரத்தைத் தாங்கும் ஸ்ட்ரட் குழாயை வெட்டி வெல்டிங் வைக்க வேண்டியிருக்கும். அந்த வெல்டிங்கை நம்பித்தான் முன்சக்கரம் நிற்கிறது. அடியில் படுத்து நான் பார்த்த வெல்டிங்கை நினைத்துக்கொண்டு வேகத்தைக் கூட்ட மனம் வரவில்லை.

திரும்பி வரும்போது அண்ணன் சொன்னார்: "தம்பி, சாமான் எல்லாம் நல்ல சாமான்தான். கை சரியில்ல." எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. கார் போய்விட்டதே என்பதைவிட, அந்த நல்ல உடலை அப்படி வெட்டிப் போட்டிருக்கிறார்களே என்று. வெளியே போல்ட் போட்டு மாட்டிய மாற்றத்தைக் கழற்றிவிடலாம். வெட்டிச் செய்த மாற்றத்தைப் பழையபடி கொண்டுவர ஒரு பெரிய தொழிலாளி வேண்டும், பல மாதம் வேண்டும். விளம்பரம் பார்க்கும்போதே இந்த இரண்டையும் பிரித்து எழுதி வைத்துக்கொள்வது இப்போது என் வழக்கம்.

இரண்டாவது கார் 1972. பச்சை நிறம், பெயின்ட் மங்கல், ஓட்டுநர் பக்கக் கதவில் நீளமான கீறல். கீறலையும் தனிப் படமாகப் போட்டிருந்தார். நான் கேட்ட ஆறு படமும் அன்று மாலையே வந்தன. கூடவே கேட்காத ஏழாவது ஒன்று, முன்கண்ணாடிக்குக் கீழே குழியில் ஒரு சின்னத் துருப் பொட்டு. "இதையும் பாத்துக்குங்க" என்று எழுதியிருந்தார்.

இதிலும் எல்28 இன்ஜின்தான். ஐந்து கியர் பெட்டியும், பாயின்ட் தொல்லை இல்லாத எலெக்ட்ரானிக் டிஸ்ட்ரிபியூட்டரும் 280இசட்டுக்கு அடுத்து வந்த 280இசட்எக்ஸிலிருந்து எடுத்தவை. முன்பிரேக்குக்கு டொயோட்டா பிக்கப்பின் நான்கு பிஸ்டன் கேலிப்பர். பேர்சொல்லும் சாமான் ஒன்றுமில்லை. கார்புரேட்டர்கூட அந்தக் காலத்து இரட்டை ஹிட்டாச்சிதான். ஆனால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் அவரிடம் காரணம் இருந்தது. தூரப் பயணத்தில் இன்ஜின் அலறாமல் இருக்க ஐந்தாவது கியர், குடும்பத்தோடு போவதால் பிரேக். காரணம் சொல்லத் தெரிந்தவர் பெரும்பாலும் வேலையையும் யோசித்துத்தான் செய்திருப்பார்.

பானெட்டைத் திறந்ததும் உள்ளே ரிவெட் அடித்த தகட்டைப் படித்தேன். 2393 சி.சி., 151 எச்.பி., இன்ஜின் எண், கார் எண். கார் எண், இன்ஜினுக்கும் உள்ளறைக்கும் நடுவில் நிற்கும் ஃபயர்வால் தகட்டில் பொறித்த எண்ணோடு பொருந்தியது. இன்ஜின் எண் பொருந்தாது என்று தெரியும், இன்ஜின் மாற்றியதுதானே. "அந்த எல்24 பின்னாடி ஷெட்ல இருக்கு, வாங்க" என்று கூட்டிப்போனார். மரப்பலகை மேல், பாலிதீன் சுற்றி, பிளக் துளைகளை அடைத்து வைத்திருந்தார். எண்ணைத் துடைத்துப் பார்த்தேன். தகட்டில் இருந்த அதே எண். கழற்றிய ஒரிஜினல் சாமானைப் பத்திரமாக வைத்திருப்பவரைப் பார்த்தாலே எனக்குப் பாதி நம்பிக்கை வந்துவிடும். இன்ஜின் மாற்றம் பதிவுப் பத்திரத்திலும் காப்பீட்டிலும் முறையாக ஏறியிருந்தது. ஏறாத வண்டியாக இருந்தால், விபத்து என்று ஒன்று நடக்கும்போது காப்பீடு கைவிரித்துவிடும் அபாயம் இருக்கிறது. வாங்கும் முன்பே கேட்டுவிட வேண்டும்.

குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஸ்டெப்னி குழியில் துரு இருந்தது, டிஃபரன்ஷியல் முனகியது, ஹேண்ட் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை. மூன்றையும் அவரே சொன்னார். அவற்றைச் சரிசெய்யும் செலவைக் கழித்துக்கொண்டு விலை பேசினோம். மாற்றத்துக்குச் செலவழித்த பணத்தை அவர் விலையில் ஏற்றிக் கேட்கவும் இல்லை.

வாங்கி நான்கு மாதம் இருக்கும், ஓர் இரவு இடது பக்கப் பின்விளக்கு எரியவில்லை. வண்டியோடு அவர் கொடுத்த கோப்பை எடுத்தேன். பில்களுக்கு நடுவில் கட்டம் போட்ட தாளில் பென்சிலால் வரைந்த ஒயரிங் படம் ஒன்று இருந்தது. ஒவ்வொரு ஒயருக்கும் நிறம், அதற்குப் பக்கத்தில் ஓர் எண். டிக்கியின் ஓர பேனலைக் கழற்றி டார்ச் அடித்தேன். ஒவ்வொரு ஒயரின் முனையிலும் அதே எண் எழுதிய சின்ன வெள்ளை உறை. 14ஆம் எண்ணின் கனெக்டர் தளர்ந்திருந்தது. அழுத்திவிட்டேன், விளக்கு எரிந்தது. மறுநாள் காலை அவருக்கு போன் செய்து சொன்னேன். "பதினாலா? அது ஆரம்பத்துலேர்ந்தே கொஞ்சம் லூஸுதான். புது கனெக்டர் ஒண்ணு வாங்கி கோப்போட பின் உறைக்குள்ள வெச்சிருக்கேன், பாருங்க" என்றார். இருந்தது.